ரெஜினாவின் வெட்டுக்கத்தி

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சனங்கள் எழுந்திருக்கப்போகும் நேரத்தில்தான் ஃபாதர் அந்த அறிவிப்பைச் சொன்னார். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் பஞ்சாயத்திலிருந்து ஜேசிபி வரும். கல்லறைத் தோட்டத்தில் மண்டிக்கிடக்கிற வேலிகாத்தான் முள்மரங்களை வேரோடு பிடுங்கி, மேடு பள்ளத்தை நிரவி, சுற்றுச்சுவர் எழுப்பப்போகிறார்கள். சிலுவை நட்ட கல்லறைக்கும் சிமெண்ட் பூசின கல்லறைக்கும் ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்.

எல்லோரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே கலைந்தார்கள். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த ரெஜினா மட்டும் எழவில்லை. அவள் புருஷன் பெஞ்சமினுக்குச் சிலுவையும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. அவன் எந்த இடத்தில் கிடக்கிறான் என்பதே அவளுக்குச் சரியாகத் தெரியாது.

கொரோனா ரெண்டாவது முறை வந்தபோது புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஒரே ஆம்புலன்ஸில்தான் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெஞ்சமின் ஓஎம்ஆர் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டியவன். ஆம்புலன்ஸிலும் டிரைவரிடம், "அண்ணாத்த, பள்ளத்துல கொஞ்சம் ஸ்லோ பண்ணு, வூட்டுக்காரிக்கு மூச்சு வாங்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவளை மேல் மாடிக்குக் கொண்டுபோனார்கள், அவனைக் கீழே வைத்துக்கொண்டார்கள். ஆம்புலன்ஸில் சொன்னதுதான் அவள் கேட்ட அவன் கடைசிப் பேச்சு. அவன் போன சேதி அவளுக்கு வந்தபோது மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. மகன் ஜோஷ்வா ஓசூரில் கம்பெனி குவார்ட்டர்ஸில் அடைபட்டுக் கிடந்தான். யாரோ தொண்டு செய்கிற பிள்ளைகள்தான் உடம்பை வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்கள்.

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்தது அவர்கள் காலனி. காலனிக்குள் நுழைகிற இடத்தில் தெருக்காரர்கள் சவுக்குக் கட்டையை ரோட்டுக்குக் குறுக்கே போட்டுப் பிணவண்டியை நிறுத்தினார்களாம். தெரு வழியாக எடுத்துப்போகக் கூடாது என்றார்களாம். முன்னால் நின்று பேசியவன் பக்கத்து வீட்டுக் கார்த்தி. கடைசியில் வண்டி திரும்பிப் போய், ஏரிக்கரை மேலே சேற்றில் உருண்டு, சுற்றிக்கொண்டுதான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ரெஜினா பிழைத்து வீட்டுக்கு வந்தபோது தெருக் கதவுகள் மூடியிருந்தன. நாள் போகப் போக அவை ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆனால் அவள் தன் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். ஈசிஆர் ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. காலையில் பஸ், சாயங்காலம் பஸ். தெருவில் யார் பேசினாலும் பதில் கிடையாது. முதலில் கெஞ்சினார்கள், பிறகு கோபப்பட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

கல்லறைத் திருநாள்தோறும் அவள் தோட்டத்து வாசல் வரை போவாள். உள்ளே வேலிகாத்தான் ஆள் நுழைய முடியாதபடி பின்னிக் கிடக்கும். பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். புதைத்த பிள்ளைகளில் ஒருவன், தீனதயாளன் என்று பேர், அப்போது போனில் சொல்லியிருந்தான்: "ஒத்தப் பனைக்கு வடக்கால வெச்சிருக்கோம்க்கா." அந்தப் பனை வெளியிலிருந்து பார்த்தால் தெரியும். அதன் தலை மட்டும் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜோஷ்வா போன் பண்ணினான். விஷயத்தைச் சொன்னாள்.

"ஜேசிபி வந்தா ஒரு மணி நேரத்துல எல்லாத்தியும் கிளீன் பண்ணிடும்மா. நீ இன்னாத்துக்கு முள்ளுல போய் அவஸ்தப்படற?"

"கிளீன் பண்ணிடும்டா. ஒங்க நைனாவையும் சேத்து கிளீன் பண்ணிடும்."

அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"லீவு கேட்டுப் பாக்கறேம்மா."

"கேளு" என்றாள். கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் காய் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். வேலிகாத்தானின் ஒரு கிளையை வளைத்துப் பிடித்து அறுக்கப் பார்த்தாள். கத்தி வழுக்கியது, கிளை விடுபட்டு முகத்தில் அடித்தது, முள் புருவத்துக்கு மேலே கீறிவிட்டது. ரத்தத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். தெருவில் வீட்டுக்கு வீடு வெட்டுக்கத்தி உண்டு. தமிழ்ச்செல்வி வீட்டுக் கூரை இறவாணத்தில் ஒன்று எப்போதும் செருகியிருக்கும், இவள் வாசலிலிருந்தே அதன் பிடி தெரியும். கேட்டால் கொடுப்பாள். ஆனால் அவள் கார்த்தியின் பெண்டாட்டி, அவளிடம் போய்க் கேட்க ரெஜினாவுக்கு நாக்கு எழவில்லை.

வார லீவு அன்றைக்குச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாள். பஜாரில் இரும்புக் கடைக்காரன் வரிசையாக எடுத்துப் போட்டான். பச்சைப் பெயிண்ட் அடித்துப் பிளாஸ்டிக் பிடி போட்டது ஒன்று. பளபளப்பாக இருந்தது, கையில் எடுத்தால் தகரம் மாதிரி கனமே இல்லை. இளநீர்க்காரர்கள் வைத்திருக்கிற அகலக் கத்தி ஒன்று. அதைத் தூக்கி நீட்டியதும் முனை தானாகக் கீழே இழுத்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் வீசினால் மணிக்கட்டு கழன்று விழுந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த வீட்டுப் பக்கம் சவுக்குத் தோப்பில் கிளை கழித்தவள் அவள். கைக்கு அந்த ஞாபகம் இன்னும் இருந்தது. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

மதுராந்தகம் போகிற வழியில் ரோட்டோரமாக வடநாட்டுக் கொல்லர்கள் கூடாரம் போட்டிருக்கிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். போய் இறங்கினாள். புருஷன் இடுக்கியால் இரும்பைப் பிடித்துக்கொள்ள, அவன் பெண்டாட்டி தலைக்கு மேலே சம்மட்டியை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். பாவாடை முழுக்கக் கரி. ரெஜினாவைப் பார்த்ததும் சம்மட்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னா வெட்ட?"

"வேலிகாத்தான்."

"யாரு வெட்டறது? ஆள் எங்க?"

"நான்தான்."

அந்தப் பெண் ரெஜினாவை மேலும் கீழும் பார்த்தாள். சாக்கின் மேல் பரப்பியிருந்த கத்திகளைக் காட்டினாள். "லாரி பட்டா. எல்லாம் லாரி பட்டா. ஒடையாது." லாரியின் வில்பட்டையை அடித்துச் செய்த கத்திகள்.

ரெஜினா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். முதுகு தடித்து, வாய்ப்பக்கம் சீராக இளைத்து வருகிறதா என்று கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றின் முதுகு நெளிந்திருந்தது. ஒன்றை ரோட்டோரக் கல்லில் தட்டினாள், சத்தம் சொத்தென்று செத்துப் போனது. இன்னொன்றைத் தட்டியபோது மணி மாதிரி ரீங்கரித்து அடங்கியது. முழங்கை நீளம். முனை கிளி மூக்குப் போல உள்ளே வளைந்திருந்தது, முள் கிளையைக் கை படாமல் அந்த மூக்காலேயே கொக்கி போட்டு இழுக்கலாம். எழுந்து நின்று காற்றில் வீசிப் பார்த்தாள். கனம் கத்தியின் நடுவுக்குச் சற்று முன்னால் நின்றது. வீச்சுக்குக் கூட வந்தது, கையை இழுக்கவில்லை.

"பிடிதான் பெருசா கீது" என்றாள்.

கொல்லச்சி ரெஜினாவின் வலது கையைப் பிடித்து இழுத்து விரல்களை விரித்தாள். தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அளவு பார்த்தாள். சூடான, சொரசொரப்பான கை. விரல்களைப் பிடியைச் சுற்றி மடக்கி, கட்டைவிரல் எங்கே போய் முட்டுகிறது என்று கரியால் கோடு போட்டாள். பிறகு மரத்தைச் செதுக்க உட்கார்ந்துவிட்டாள்.

ரெஜினா அப்படியே நின்றாள். ஒரு மனுஷி தன் கையைப் பிடித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்குப் பிறகு யாருமில்லை.

"அழுவாத" என்றாள் அந்தப் பெண், தலை நிமிராமலே. "பொகை. கண்ணு எரியும்."

"ஆமா, பொகைதான்."

பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அரம் போட்டுத்தான் கொடுத்தார்கள், கூர் அவள்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை பின்வாசலில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாணைக்கல்லைப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் தெளித்துத் தெளித்து, கத்தியைக் கல்லோடு படுக்க வைத்து, அடியிலிருந்து மூக்கு வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். சர்... சர்... என்று அந்தச் சத்தம் கொல்லைக் கொல்லையாகத் தாண்டிப் போனது. கல்லின் மேல் சாம்பல் நிறச் சேறு திரண்டது. வழித்து எறிந்துவிட்டு மறுபுறம் திருப்பினாள். முன்கையில் இருந்த பூனைமுடியை மழித்துப் பார்த்தபோது சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

விடியற்காலையில் போய் வாசலிலிருந்து வெட்ட ஆரம்பித்தாள். பச்சைக் கிளைகள் வாழைத்தண்டு போலத் துண்டாகி விழுந்தன. உள்ளே ஒரு காய்ந்த அடிக்கட்டை. ஓங்கிப் போட்டாள். கணீரென்று கத்தி எகிறியது. பார்த்தால் வாயில் பிறை போல ஒரு துண்டு பெயர்ந்திருந்தது.

கத்தியை மடியில் வைத்துக்கொண்டு முள்ளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். மீன் அறுக்கிற கத்தி மாதிரி வாயை மெலிசாக ஏற்றிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. மெலிந்த வாய் முடியை மழிக்கும், காய்ந்த வேலிகாத்தானைத் தாங்காது. சாயங்காலம் அரத்தால் பிறை மறையும் வரை ராவினாள். இந்த முறை கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடித்துத் தீட்டினாள். வாய் கொஞ்சம் தடித்து நின்றது. முடியை மழிக்கவில்லை. ஆனால் மறுநாள் அதே கட்டை மூன்று போடில் பிளந்து போனது.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வேலைக்குப் போவதற்கு முன்னால் வெட்டு, வேலையிலிருந்து வந்த பிறகு தீட்டல். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் பழைய சோற்றையும் கருவாட்டுத் துண்டையும் நின்றுகொண்டே விழுங்குவாள். கையெல்லாம் கீறல். செருப்பைத் துளைத்து ஏறிய முள் ஒன்றால் பாதம் வீங்கி, ரிசார்ட்டில் ரூமைத் துடைக்கும்போது நொண்டினாள். சூப்பர்வைசர் கேட்டதற்கு வழுக்கி விழுந்தேன் என்றாள்.

தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. குழாயடியில் இவள் குடத்தை வைத்ததும் குரல்கள் தாழ்ந்தன.

"தெனம் பொழுது சாய்ஞ்சா கத்தி தீட்றாடி. யார வெட்டப் போறாளோ."

"பேசாத பொம்பள மனசுல இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்?"

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. பகிர்ந்துகொள்ளத்தான் ஆளில்லை. பெஞ்சமின் இருந்தால் வேன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்திருப்பான்.

பனையை நெருங்கிய சமயத்தில் ஒரு காலை, பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். தமிழ்ச்செல்வி. இடுப்பில் தண்ணீர்க் குடம், கையில் அவள் வீட்டு வெட்டுக்கத்தி.

"எக்கா."

ரெஜினா குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்ல கத்தி கீது. ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா? புதுசா வாங்கணுமா?"

இத்தனை காலத்தில் முதல் தடவையாக ரெஜினா வாய் திறந்தாள். "ஒங்கள கேக்க வாணாம்னுதான் வாங்குனேன்."

தமிழ்ச்செல்வி குடத்தை இறக்கி வைத்தாள். "அப்ப கைப்பிள்ளைக்காரி நான். டிவில அவ்ளோ பொணத்த காட்டுனான். பயம் எக்கா. தெருவே பயந்துகினு இருந்துச்சி. எங்க வூட்டுக்காரரும் நல்லவருதான், ஒனக்கே தெரியும்."

"தெரியும். ஒம் புள்ளைக்குப் பேர் வெச்சதே எங்க வூட்டுக்காரருதான். பிரசவத்துக்கு நடுராத்திரி ஒன்ன வேன்ல ஏத்தினு போனதும் அவர்தான்."

தமிழ்ச்செல்வியின் முகம் கோணிக்கொண்டது. "அத்த நெனைக்காத நாள் இல்லக்கா."

"நெனச்சி இன்னா? பயந்தது தப்புன்னு நான் சொல்லல. எனக்கும்தான் பயம். அந்த ஆஸ்பத்திரில பெட்டுக்குப் பெட்டு செத்துகினு இருந்தாங்க, நான் பாத்துகினு படுத்திருந்தேன். தெருவுல வாணாம்னா தூரமா நின்னு ஒருத்தராவது கூட வந்திருக்கலாம் இல்ல? ஏரிக்கரையில தனியா போனாருடி. தெரியாத பசங்களோட."

பனைமேல் கரிச்சான் குருவி ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"நானும் வெட்டட்டா?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"வாணாம். போ."

அவள் போய்விட்டாள். குடத்தை வைத்துவிட்டுப் போனாள். ரெஜினா அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. வெயில் ஏறியதும் ஒரு கை மட்டும் அள்ளிக் கத்தியைக் கழுவிக்கொண்டாள்.

ஐப்பசி மழை இறங்கியது. விடிய விடியக் கொட்டி, காலையில் தூறலாக இளைத்தது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். பனைக்கு வடக்கே மிச்சமிருந்த புதரையும் கழித்து இழுத்துப் போட்டபோது தரை தெரிந்தது. எங்கேயும் மேடு இல்லை. மண் உள்ளிறங்கி, ஆள் நீளத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டாள்.

அப்போதுதான் பார்த்தாள். பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில், அதே நீளத்துக்கு இன்னொரு பள்ளம். அதிலும் தண்ணீர்.

தீனதயாளன் நம்பர் போனில் இன்னும் இருந்தது. அடித்தாள். அவனுக்கு யாரென்று ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆமாக்கா. அன்னிக்கு ரெண்டு பேர வெச்சோம். இன்னொருத்தர் பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்த பெரியவரு. ஊர் பேர் தெரியாது. எங்கயும் எடம் குடுக்கல. ஒங்க ஊர்ல அப்ப இருந்த ஃபாதர்தான் இங்கியே வைங்கப்பான்னாரு."

"எது எங்க வூட்டுக்காரரு? பனைப் பக்கமா, வேலிப் பக்கமா?"



"எக்கா, பொய் சொல்லக்கூடாது. அந்த மாசம் எத்தினியோ பேர வெச்சோம். மழை வேற. ரெண்டும் ஒரே மாதிரி சுத்தியிருந்துச்சி. எனக்குத் தெரியலக்கா. மன்னிச்சிடுங்க."

"நீ இன்னாத்துக்குப்பா மன்னிப்பு கேக்கற" என்று போனை வைத்தாள். ரெண்டு பள்ளத்துக்கும் நடுவே ஈர மண்ணில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் பார்த்து அழுவதா, அந்தப் பக்கம் பார்த்து அழுவதா என்று தெரியவில்லை.

அவள் அப்படி உட்கார்ந்திருக்கும்போதே வாசலில் இரைச்சல் கேட்டது. சொன்ன நாளுக்கு முன்பாகவே ஜேசிபி வந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டால் வேலை நடக்காதென்று அழைத்து வந்திருக்கிறார்கள். முன்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தவன் கார்த்தி, இப்போது அவன்தான் வார்டு மெம்பர். அவள் வெட்டித் திறந்து வைத்த பாதையிலேயே வண்டி உருண்டு வந்தது.

ரெஜினா எழுந்து பாதை நடுவில் போய் நின்றாள். எழும்போது தன்னையறியாமல் எடுத்த கத்தி கையில் இருந்தது.

"எக்கா, இன்னா இது, கத்திய காட்டிகினு நிக்கற? டிரைவர் பயப்படறாரு பாரு."

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தாள். கத்தியைப் பாதையோரம் வீசினாள். அது ஈர மண்ணில் குத்தி நின்றது.

"இங்க அவர் கீறாரு."

"எங்க கீறாரு? மொட்டத் தரைதான கீது. இன்னிக்கி ஒரு நாள்தான் வண்டி குடுத்துருக்காங்க. ஓரமா நில்லுக்கா, பேஜாரு பண்ணாத."

"கார்த்தி" என்றாள். குரல் உயரவில்லை. "அன்னிக்கு அவர சுத்திகினு போவச் சொன்ன. சுத்திகினு போனாரு. ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல, பாவம், அவரால முடியல. இன்னிக்கு நீ சுத்திகினு போ."

ஜேசிபி டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டேயிருந்தது. கார்த்தியின் குடை மெல்லச் சாய்ந்து, மழை அவன் தலையில் விழுந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் தெரிந்த அந்த ரெண்டு பள்ளங்களைப் பார்த்தான். குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"ரிவர்ஸ் எடுப்பா" என்றான். "பனைக்கு இந்தாண்ட வாணாம். அந்த வேலிய சுத்தி வா. நான் முன்னாடி நடக்கறேன்."

சேற்றில் கணுக்கால் புதைய, கையைக் காட்டிக் காட்டி, அவன் முன்னால் நடந்தான். வண்டி அவன் பின்னாலேயே சுற்றிக்கொண்டு போனது.

பிறகு வந்த நாட்களில் ரெஜினா ஏரிப்பக்கமிருந்து கூடையில் மண் சுமந்தாள். ரெண்டு பள்ளத்தையும் தூர்த்து, ரெண்டையும் ஒரே உயரத்துக்கு மேடாக்கினாள். ஒரு கூடை இதற்கு என்றால் மறு கூடை அதற்கு. யாரும் உதவிக்கு வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

கல்லறைத் திருநாள் சாயங்காலம் தோட்டம் முழுக்கச் சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாக இருந்தது. ஜோஷ்வாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே ஒவ்வொரு கல்லறையாக வந்தார். இறந்தவர் பேரைக் கேட்டு, அந்தப் பேரைச் சொல்லி ஜெபித்தார். பனையடிக்கு வந்தபோது அவருக்குப் பின்னால் கூட்டம் குறைந்திருந்தது. தமிழ்ச்செல்வி மட்டும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

"பேரு?" என்றார் ஃபாதர், பனைப் பக்கத்து மேட்டைக் காட்டி.

"பெஞ்சமின்."

ஜெபித்தார். தீர்த்தம் தெளித்தார். வேலிப் பக்கத்து மேட்டுக்கு நகர்ந்தார்.

"இவர் பேரு?"

ரெஜினா காற்றில் அணையப் பார்த்த மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டாள். ஒரே நாளில் வந்தவர்கள். எந்த வாசலிலும் இடமில்லாமல் வந்தவர்கள். இத்தனை காலம் முள்ளுக்கு அடியில் ஒருவருக்கு ஒருவர்தான் துணை.

"இவரையும் பெஞ்சமின்னே சொல்லுங்க ஃபாதர்" என்றாள்.